கத்திரிக்காய்க் கூட்டமும் ஒரு வாய் சாதமும்

2009 வாக்கில், மாமல்லபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. மரபணு மாற்றிய கத்திரிக்காய் கடைக்கு வரப்போகிறது என்று எங்கு பார்த்தாலும் அதே பேச்சாக இருந்த சமயம். அதைச் சாப்பிடலாமா, கூடாதா என்று கூட்டம் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. மகளையும் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டில் பஸ் ஏறினேன். கூட்டம் முடிந்ததும் கடற்கரை என்று அவளுக்கு ஆசை காட்டியிருந்தேன்.

கொடி பிடிக்கிற ஆள் இல்லை நான். என் கவலை வேறு. மகளுக்கு வேர்க்கடலை ஆகாது. வயிற்றுவலியோடு போகிற சமாச்சாரம் இல்லை, உதடு வீங்கி மூச்சு அடைத்துவிடும். சின்ன வயதில் ஒரு தடவை பார்த்துப் பயந்திருக்கிறோம். என் மாமனார் நிலத்தில் விளைவதே வேர்க்கடலைதான், அவர் வாயில் அது மல்லாட்ட. "மல்லாட்ட துன்னு யாருக்கு இன்னா ஆச்சு?" என்பார். இரண்டாம் வகுப்புப் பிள்ளையை அங்கே அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது, அதனால்தான் கூட்டத்துக்கும் கூடவே கூட்டிவந்தேன்.

மேடையில் இரண்டு பேர். ஒருவர் விவசாயக் கல்லூரிப் பேராசிரியர், அந்தக் கத்திரிக்காய்க்கு ஆதரவு. இன்னொருவர் தாடி வைத்த இயற்கை விவசாயக்காரர், எதிர்ப்பு. என் முறை வந்தபோது மைக்கை வாங்கிக் கேட்டேன்: "ஒரு செடியில இருக்கறத எடுத்து இன்னொரு செடியில வைக்க முடியும்னு சொல்றீங்க. நாளைக்கு வேர்க்கடலையில இருந்து எடுத்து ஏதாவது காயில வெச்சா, மார்க்கெட்ல வாங்கற எனக்கு எப்படித் தெரியும்?"

பேராசிரியர் சிரித்தார். "இந்தக் கத்திரிக்காய்ல வேர்க்கடலை சம்பந்தப்பட்டது எதுவும் இல்லம்மா. எல்லாம் சோதிச்சுட்டோம். பாதுகாப்பானது." தாடிக்காரர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். "இந்தத் தாயோட கண்ணீருக்கு என்ன பதில்?" நான் அழவே இல்லை. கைத்தட்டல் மட்டும் பலமாக விழுந்தது. எனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வியை இரண்டு பேருமே தொடவில்லை.

மத்தியானம் சாப்பாடு போட்டார்கள். நாட்டுக் கத்திரிக்காய் சாதம், தொன்னையில். பரிமாறிய அம்மாவிடம், "இதுல வேர்க்கடலை போட்டிருக்கா?" என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"மருந்தே அடிக்காத காய்ம்மா. சுத்தமா இயற்கை. பயப்படாம குடு, கொயந்த துன்னட்டும்" என்றார் அவர்.

சுற்றிலும் ஒரே இரைச்சல். அந்த அம்மாவின் முகத்தில் அத்தனை பிரியம். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. மகள் ஒரு வாய் சாப்பிட்டாள். "அம்மா, நாக்கு அரிக்குது" என்றாள். அடுத்து இருமல். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதடு வீங்கிவிட்டது.

நான் போட்ட சத்தத்தில் மண்டபமே எழுந்து நின்றது. பேராசிரியர் கார் சாவியோடு ஓடிவந்தார். தாடிக்காரர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். சுற்றுலா பஸ்கள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. தாடிக்காரர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, "வழி வுடு! கொயந்த கீது, வழி வுடு!" என்று கத்தினார். மேடையில் பேசிய தமிழ் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பின் சீட்டில் அவள் மூச்சு விசில் மாதிரி வந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் தொடையில் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. அதற்குப் பிறகுதான் நான் அழுதேன்.

பரிமாறிய அம்மா ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தார். சாதத்தில் கத்திரிக்காயோடு எள்ளும் வேர்க்கடலையும் வறுத்துப் பொடித்துப் போட்டதாகச் சொன்னார். "நீ வெஷத்தப் பத்திக் கேக்கறன்னு நென்ச்சிக்கினேம்மா. நல்ல பொருளாச்சே, அதப் போயி யாரு கேப்பாங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றைக்கு அவர் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. கையை உருவிக்கொண்டேன்.

வராந்தா பெஞ்சில் பேராசிரியர் தலையைக் குனிந்தபடி, "நீங்க கேட்டதுக்கு நான் பதிலே சொல்லலம்மா. கடையில வாங்கறவங்களுக்குத் தெரிய இப்ப வழி எதுவும் இல்ல. அதை மேடையிலயே சொல்லியிருக்கணும்" என்றார்.

அந்தக் கத்திரிக்காய் கடைசியில் கடைக்கு வரவில்லை. அது நல்லதா கெட்டதா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் யாராவது ஒரு சாப்பாட்டைக் காட்டி "நல்லது, பயப்படாமல் சாப்பிடுங்கள்" என்றால், அதில் என்னென்ன இருக்கிறது என்று அவர்கள் சொல்லி முடிக்கும்வரை என் கை தட்டுப் பக்கம் போவதில்லை.