மழையில்லாத காலையில் கலங்கிய ஆறு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மலேசியாவில், கேமரன் மலையின் கோலா தெர்லா ஆற்றோரம் நடந்தது இது.

நான் இங்கே ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் வேலை பார்க்கிறேன். மாதம் ஒரு ஞாயிறு, பக்கத்து ஊரான தானா ராத்தாவில் நர்ஸாக இருக்கும் தோழியோடு ஆற்றுக்குப் போய்த் தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று பார்ப்பேன். மலையில் கரைகிற மண் ஆற்றோடு கடல் வரை போய், முகத்துவாரத்துக் கடற்புல்லை மூடிவிடுகிறதாம். இறால் குஞ்சுகள் வளர்கிற இடம் அது. அங்கே கடற்புல்லைக் கவனித்து வரும் தொண்டர்கள் கேட்டுக்கொண்டதால், மேலே எங்களைப் போல சிலர் ஆற்றைப் பார்த்துச் சொல்கிறோம். கையில் இருப்பது ஒரு நீளமான கண்ணாடிக் குழாய்தான். அடியில் உள்ள கறுப்பு வெள்ளை வட்டு மறைகிற வரை ஆற்றுத் தண்ணீரை ஊற்ற வேண்டும். சீக்கிரம் மறைந்தால் சேறு அதிகம்.

நாங்கள் இறங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஒருவர் கோஸும் முள்ளங்கியும் போட்டிருந்தார். எங்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"கடலு எங்க இருக்கு, நீங்க எங்க இருக்கீங்க? ரிப்போர்ட் போட்டு என் கெபுன, இந்தக் காய்கறித் தோட்டத்த மூடத்தானே பாக்குறீங்க?" என்பார்.

என் சித்தப்பா வீடும் காய்கறி போட்டுத்தான் பிழைக்கிறது. அதனால் அந்தப் பேச்சு எனக்கு உறைக்கும். குழாயை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

அன்று நல்ல வெயில். முதல் நாள் மழையில் கலங்கிய ஆறுகூடத் தெளிந்திருந்தது. குழாயில் ஊற்றிப் பார்த்தோம், வட்டு நன்றாகத் தெரிந்தது. கிளம்பலாம் என்று சாமான்களை எடுத்து வைக்கும்போது, என் காலடியில் பாறையெல்லாம் வெளியே தெரிய ஆரம்பித்தது. தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கிய தண்ணீரும் தே தாரே மாதிரி, பால் கலந்த டீ நிறத்துக்கு மாறியது. புதிதாக வெட்டிய மண்ணின் வாடை வேறு.

தோழி மறுபடி குழாயில் ஊற்றினாள். கையளவு தண்ணீருக்கே வட்டு மறைந்துவிட்டது.

"மேல எங்கயோ சரிஞ்சி ஆத்த அடைச்சிருக்குடி, அது உடைஞ்சா மொத்தமா வந்துரும்," என்றாள்.

கீழே அந்தக் காய்கறித் தோட்டக்காரரின் மனைவி ஆற்றுக்குள் நின்று முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தார். தோட்டக்காரர் ஆற்றோரப் பம்புக் கொட்டகையில் குனிந்து ஏதோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் நடக்காவிட்டால் இந்த மனுஷன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாரே என்று ஒரு நொடி தயங்கினேன். அப்புறம் ஓடினேன்.

"அண்ணே, மேல வந்துருங்க! தண்ணி சரியில்ல!"

"மழையே இல்ல லா. இன்னிக்கு என்ன புதுக் கதை?"

"மழை இல்லாம கலங்குதுண்ணே, அதான் பயமா இருக்கு. அக்காவக் கூப்பிடுங்க!"

அவர் அசையவில்லை. அந்த அக்காதான் குனிந்து தண்ணீரைப் பார்த்தார். கூடையை அப்படியே விட்டுவிட்டுக் கரையேறி, புருஷன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். நாங்கள் நான்கு பேரும் ரோட்டு மேட்டைத் தொடுவதற்குள் சத்தம் கேட்டது, லோரியிலிருந்து கல் கொட்டுகிற மாதிரி. மூங்கிலும் மரமும் சேறுமாக வெள்ளம் வந்து இறங்கியது. கொட்டகை இருந்த இடமே தெரியவில்லை.

அந்த அண்ணன் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த அக்கா என் கையை விடவே இல்லை.

அதற்குப் பிறகும் அந்த அண்ணன் எங்களோடு ஆற்றில் இறங்கியதில்லை. கடற்புல் கதையை நம்புகிறாரா என்றும் தெரியாது. ஆனால் ஆறு நிறம் மாறினால் ஃபோன் வந்துவிடும்: "தங்கச்சி, தண்ணி கலங்கிருச்சு. கீழ இருக்கவங்களுக்கு நான் சொல்லிட்டேன். நீங்க கடல்காரங்களுக்குச் சொல்லிருங்க."

நான் அந்தக் கடற்புல்லை இன்னும் நேரில் பார்த்ததில்லை; ஆனால் தூரத்தில் இருக்கும் ஒன்றுக்காக ஆற்றைப் பார்த்துப் பழகிய கண்தான் அன்று பக்கத்தில் நின்ற இரண்டு உயிரைப் பார்த்தது என்பதை, தண்ணீரில் கால் வைக்கும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.