இரண்டு துண்டு மீன்

தினேஸ்வரனின் உடம்புக்கும் அவன் பார்த்த வேலைக்கும் எந்தப் பொருத்தமும் கிடையாது. நூற்று இருபத்தாறு கிலோ எடை. வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் தோள். அதை வைத்துக்கொண்டு ஆக்லாந்தின் எப்சமில் ஒரு பல் வைத்தியரிடம் பல்செட் செய்துகொண்டிருந்தான். மலேசியாவின் கிள்ளானிலிருந்து நியூசிலாந்துக்குப் படிக்க வந்து, இங்கேயே வேலை தேடிக்கொண்டு, ஊருக்குப் போய் விக்னேஸ்வரியைக் கல்யாணம் செய்து கூட்டி வந்தவன். பிளாக்ஹவுஸ் பே என்கிற கடலோரப் பகுதியில் வாடகை வீடு.

ஜிம்மில் அவனைப் பார்த்த செமிசி என்கிற டோங்காக்காரன்தான் 1991இல் அமெரிக்கக் கால்பந்துக்கு இழுத்துக்கொண்டு போனான். ரக்பி பைத்தியம் பிடித்த ஊரில் அந்த ஆட்டத்தைச் சீந்துவாரில்லை. சனிக்கிழமை மைதானத்தில் ஆடுகிறவர்களை எண்ணிவிட்டுப் பார்க்க வந்தவர்களை எண்ணினால் பார்க்க வந்தவர்கள் குறைவாக இருப்பார்கள். தினேஸ்வரனுக்குக் கொடுத்த இடம் தற்காப்பு வரிசையின் நட்டநடு. பந்துக்கு நேர் எதிரே குனிந்து நிற்க வேண்டும். பந்து அசைந்ததும் எதிரணியில் இரண்டு பேர் சேர்ந்து வந்து மோதுவார்கள். நகரக் கூடாது. அவன் அந்த இருவரையும் பிடித்து வைத்தால்தான் பின்னால் இருக்கிறவன் பந்தோடு ஓடுகிறவனை மடக்கிப் பேர் வாங்க முடியும். இதில் என்ன சுகம் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. வாரம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு சின்னச் சின்னப் பல்லாக அடுக்குகிறவனுக்கு, சனிக்கிழமை ஒரு நாள் முழு உடம்பையும் செலவழிக்கக் கிடைத்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

நாலாவது வருஷம் இடது முட்டி போய்விட்டது. அறுவை சிகிச்சை முடிந்து அவன் மயக்கத்தில் கிடந்தபோது விக்னேஸ்வரி முருகனிடம் வேண்டிக்கொண்டாள்: முட்டி சரியானால் இருவரும் நாற்பத்தெட்டு நாள் ஒரு வேளைச் சைவச் சாப்பாட்டோடு விரதமிருந்து தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்போம் என்று. முட்டி சரியானது. 1995 டிசம்பரில் இருவரும் விரதம் தொடங்கினார்கள்.

பத்தாம் நாள் அந்தக் கடிதம் வந்தது. அமெரிக்காவில், கூரை போட்ட அரங்கில் ஆடுகிற ஒரு தொழில்முறை அணி, பசிபிக் பக்கம் கனமான ஆட்களைத் தேடி ஒருவரை அனுப்புகிறது. தைப்பூசத்துக்கு மறுவாரம் ஆக்லாந்தில் தேர்வு. நடு வரிசைக்கு நூற்று இருபத்தைந்து கிலோவுக்குக் குறைந்தவர்கள் வர வேண்டாம். அந்தப் பத்து நாளில் அவன் ஐந்து கிலோ இறங்கியிருந்தான். வயது இருபத்தெட்டு. இன்னொரு கடிதம் வராது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அவளிடம் சொல்லியிருக்கலாம். விரதத்தை அடுத்த வருஷம் வைத்துக்கொள்வோமா என்று கேட்டிருக்கலாம். ஆனால் காலை நாலரைக்கு எழுந்து குளித்துவிட்டு, ஈரத் தலையோடு அவனுக்காக விளக்கேற்றுகிறவளிடம் எப்படிக் கேட்பது? வேலை முடிந்து வரும் வழியில் மீன் பொரித்துக் கொடுக்கும் கடையில் ஒருநாள் வண்டியை நிறுத்தினான். இரண்டு துண்டு மீன், ஒரு குவியல் சிப்ஸ், செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து சாப்பிட்டான். வண்டியில் வைத்திருந்த வேறு சட்டையை மாற்றிக்கொண்டான். பல் வைத்தியரிடமிருந்து எடுத்து வந்த மருந்துத் தண்ணீரால் வாய் கொப்பளித்தான். கோழிப் பக்கமோ ஆட்டுப் பக்கமோ போகவில்லை, மீன்தானே என்று தனக்குத் தானே சமாதானமும் சொல்லிக்கொண்டான். மனுஷனுக்குச் சமாதானம் சொல்ல ஆள் இல்லாவிட்டால் இப்படித்தான். அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை.

விக்னேஸ்வரியின் கன்னம் ஒட்டியது. வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. அவன் மட்டும் இறங்கிய ஐந்து கிலோவும் திரும்ப ஏறி, வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தான். அவளுக்கு அது முதலில் ஆச்சரியமாக இருந்து, பிறகு பக்தியாக மாறியது. தைப்பூசத்தன்று வாடகை மண்டபத்தில் இருவரும் பால்குடம் தூக்கி வந்தபோது, யாழ்ப்பாணத்துப் பத்மாவதி அக்காவிடம் விஷயத்தைச் சொன்னாள். அக்காவிடம் சொன்னால் பிறகு வேறு யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

“ஒரு நேரச் சாப்பாட்டில ஒரு கிலோவும் குறையேல்லையாம். முருகன் பிடிச்சு வச்சிருக்கிறார் எண்டுதான் நான் சொல்லுவன்” என்று அக்கா மண்டபம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள். ஆட்கள் வந்து தினேஸ்வரனின் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவனுக்கு நின்ற இடத்திலேயே புதைந்துபோகலாம் போல இருந்தது.

தேர்வு அன்று காலை குளியலறைத் தராசு இந்த ஆட்களைத் தாங்காது என்று, ஊருக்கு வெளியே புக்கெகோஹியில் வெங்காயம் மூட்டை பிடிக்கிற இடத்தில் வேலை செய்த செமிசி, அங்கிருந்த தராசையே கேட்டு வாங்கி வண்டியில் ஏற்றி வந்திருந்தான். தினேஸ்வரன் ஏறி நின்றான். நூற்று இருபத்தேழு. ஹாலர் என்கிற அந்த அமெரிக்கர் தலையாட்டி எழுதிக்கொண்டார். பிறகு இரண்டு பேரை விட்டு மோதச் சொன்னார். ஒன்பது முறை மோதினார்கள். ஒன்பது முறையும் அவன் இருந்த இடத்தில் இருந்தான். ஹாலர் முகத்தில் சிரிப்பு வந்தது. ஒப்பந்தத் தாளையே கையில் எடுத்துவிட்டார்.

விக்னேஸ்வரி மைலோ பிளாஸ்க்கோடு பக்கத்தில் வந்து நின்றாள். மனுஷர் மரியாதைக்குத்தான் கேட்டார், வீட்டில் இவருக்கு என்னம்மா போடுகிறீர்கள் என்று. அவள் பூரித்துப்போய் சொன்னாள்: நாற்பத்தெட்டு நாளாக ஒரு வேளைச் சாப்பாடு, கறி இல்லை, மீன் இல்லை, முட்டைகூட இல்லை, ஆனாலும் எடை ஏறியிருக்கிறது, எல்லாம் கடவுள் செயல்.

ஹாலரின் பேனா நின்றது. ஒரு வேளைக் காய்கறியில் எடை ஏறுகிறவனை அவர் முன்பும் பார்த்திருக்கிறார். போன வருஷம் அப்படி ஒருவனை எடுத்து, அவன் சதை ஏற்ற ஊசி போட்டுக்கொள்கிறவன் என்று தெரிந்து, இவர் வேலையே போகப் பார்த்ததாம். எந்த மருந்து என்று நேராகவே கேட்டார். தினேஸ்வரன் குனிந்து காலணிக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினான். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடத் திரும்பினார்.

ஐந்து வருஷ வேர்வை அந்தச் சட்டைப் பைக்குள் போகிறது. வாயைத் திறந்தால் பக்கத்தில் நிற்கிறவள் முகம் போகும். இரண்டு பேர் சேர்ந்து மோதுவது பழகிப்போனவன்தான், ஆனால் இந்த மோதல் பழக்கமில்லை. கடைசியில் சொன்னான். கடையின் பெயர், தினமும் இரண்டு துண்டு மீன், சிப்ஸ், கடற்கரைச் சுவர், மாற்றுச் சட்டை, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஹாலரைப் பார்த்துச் சொன்னான். அவளைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை. செமிசி விழுந்து விழுந்து சிரித்தான். ஹாலரும் சிரித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று சிறுநீர்ச் சோதனைக்கு எழுதிக்கொடுத்துத் தாளைத் திரும்ப எடுத்தார். விக்னேஸ்வரி பிளாஸ்க்கின் மூடியைத் திருகி இறுக்கினாள். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபிறகு சொன்னாள்.

“முருகன்கிட்ட வேண்டிக்கிட்டது நான். நான் ஒரு நாளும் தவறல. அவர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க என்கிட்ட ஏன் சொல்லல?”

நீ வேண்டாம் என்றால் போகவில்லை என்றான். அதற்கு அவள், அவ்வளவு மீனையும் தின்றது வீட்டில் உட்காரவா என்று கேட்டுவிட்டு அவன் பயணப் பெட்டியை இறக்கி வைத்தாள். சோதனை முடிவு சுத்தமாக வந்தது. ஏப்ரலில் விமானம் ஏறினான்.

அமெரிக்காவின் நடுவில் ஏதோ ஓர் ஊர். தினேஸ்வரனின் தொழில்முறை வாழ்க்கை அங்கே ஒன்பது ஆட்டம் நடந்தது. ஒலிபெருக்கியில் ஒருநாளும் அவன் பெயரைச் சரியாகச் சொல்லவில்லை. ஆனால் ஆட்டம் முடிந்ததும் பின்வரிசை ஆட்கள் வந்து அவன் தலைக்கவசத்தில் தட்டிவிட்டுப் போவார்கள், அது போதும் அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டுக்கு போன் செய்வான். அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “பசியாறிட்டீங்களா?” அவன் அந்த வாரம் தின்றதையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பிப்பான். கேட்டுவிட்டு “ம்” என்று வைத்துவிடுவாள். அந்த ஒரு எழுத்துக்காக அவன் ஏழு நாள் காத்திருந்தான்.

ஒன்பதாவது ஆட்டத்தில் அதே இடது முட்டி. இந்த முறை இனி ஆட்டமே கிடையாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஞாயிறுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. யோசித்துச் சொல்லலாம், பாதி சொல்லலாம், சின்ன அடி என்று சொல்லலாம். அவன் கட்டுப்போட்ட காலோடு நொண்டிக்கொண்டே போய், அரங்கத்துப் பொதுத் தொலைபேசியில் அப்போதே அவளைக் கூப்பிட்டான்.

“முட்டி போயிருச்சு விக்கி. இனிமே ஆட முடியாதாம். மொத ஆளா உன்கிட்டதான் சொல்றேன்.”

வாங்க, என்றாள் அவள்.

மைதானத்தில் அவன் சொன்ன மீன் கதை எப்போதோ கசிந்திருந்தது. ஆக்லாந்தில் பேச்சு அவனுக்கு முன்னாலேயே வந்து இறங்கியிருந்தது. விரதத்தில் கள்ளம் செய்தவனை முருகன் அதே முட்டியில் தட்டினார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பத்மாவதி அக்கா வீடு தேடி வந்தே சொன்னாளாம். மீனுக்காக முட்டியை உடைக்கிற சாமியை நான் கும்பிடுவதில்லை அக்கா என்று விக்னேஸ்வரி சொல்லிவிட்டாளாம்.

விமான நிலையத்துக்கு அவள் தனியாக வந்திருந்தாள். ஊன்றுகோலை வாங்கிப் பின்சீட்டில் போட்டாள். வண்டி முழுக்கப் பொரித்த மீன் வாசனை. மடியில் செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்து வைத்துப் பிரித்தாள். அந்தக் கடைதான், அவனுக்கு மடிப்பைப் பார்த்ததுமே தெரிந்தது. இரண்டு துண்டு. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஒன்னுதான் உங்களுக்கு” என்றாள். மற்றதை அவளே எடுத்துக்கொண்டாள். “நாப்பத்தெட்டு நாளும் எனக்கும் பசிச்சுச்சு.”