மண் படாத ஷூ

பாரிஸின் இருபதாம் வட்டாரத்தில், சலவைக் கடையில் இஸ்திரி போடும் சொலேனுக்கு அழுக்கைக் கண்டாலே ஆகாது. தொழில் அப்படி என்று அக்கம்பக்கத்தார் நினைத்துக்கொண்டார்கள். அவள் நாட்டின் மேற்குக் கோடியில், பிரெத்தாஞ் பக்கம் ஒரு பன்றிப் பண்ணையில் பிறந்தவள் என்பதும், ரப்பர் பூட்ஸோடு பள்ளிக்கூடம் போனவள் என்பதும், கூடப் படித்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. தன் மகள் காலில் சேறு படக் கூடாது என்று சொலேன் அன்றே முடிவு செய்துவிட்டாள். அந்த மகள் பிறக்க இன்னும் இருபது வருஷம் இருந்தது.

மகள் எனோராவின் பள்ளி முற்றம் முன்பெல்லாம் சுவருக்குச் சுவர் தார்தான். ஜூன் மாதம் பிள்ளைகள் சுவரோர நிழலில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒரு கோடை விடுமுறையில் நகராட்சி ஆட்கள் வந்து தாரைப் பெயர்த்தார்கள். மண்ணைக் கொட்டி, வளர்ந்த மரங்களையே கொண்டுவந்து நட்டு, நடுவே தண்ணீர் ஓட ஒரு சின்ன வாய்க்காலும் வெட்டினார்கள். வாசலருகே மட்டும் ஒரு துண்டுத் தார் மிச்சம் இருந்தது.

செப்டம்பரில் பிள்ளைகள் முழங்கால் வரை சேற்றோடு வெளியே வந்தார்கள். சொலேன் வாசலிலேயே கச்சேரியை ஆரம்பித்துவிட்டாள்.

"பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறோமா, பன்னிக் கொட்டாய்க்கு அனுப்புறோமா?"

யார் வாயிலிருந்து என்ன வார்த்தை! தலைமையாசிரியை பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆளுக்கொரு ஜோடி பூட்ஸ் வாங்கிப் பள்ளியில் வைத்துவிடுங்கள் என்றார். எல்லோரும் வைத்தார்கள். சொலேன் மட்டும் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. மகளுக்கு வெள்ளை ஷூ வாங்கி மாட்டி, "இதுல ஒரு பொட்டு மண்ணு பட்டுச்சு, அப்புறம் பாரு" என்று அனுப்பினாள்.

ஒரு பொட்டுகூடப் படவில்லை. தினமும் சாயங்காலம் ஷூவைத் திருப்பிப் பார்ப்பாள்; புதுசு மாதிரி இருக்கும். வளர்க்கிறபடி வளர்த்தால் பிள்ளை சுத்தமாக இருக்கும் என்று மற்ற தாய்மாருக்குப் பாடம் வேறு எடுத்தாள். எட்டு வயதுப் பிள்ளை எப்படி விளையாடினால் அழுக்காகாமல் வரும் என்று ஒரு நாளாவது யோசித்திருக்கலாம். பெருமை யோசிக்க விடவில்லை.

அடுத்த ஜூனில், வெயில் கொளுத்திய ஒரு மதியம், கடையில் இயந்திரம் மக்கர் பண்ணியது. சீக்கிரமே பள்ளிக்கு வந்த சொலேன் கம்பிக் கதவு வழியே எட்டிப் பார்த்தாள். மர நிழலில் ஒரே கும்மாளம். பிள்ளைகள் வாய்க்காலுக்கு மண்ணால் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். எனோரா மட்டும் அந்தத் துண்டுத் தாரில், வெயிலில், முகம் சிவந்து நின்றபடி, எங்கே ஓட்டை இருக்கிறது என்று அவர்களுக்குக் கைகாட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வகுப்புத் தோழி ஜெனெபா சேற்றுக் கையோடு கதவருகே ஓடிவந்தாள்.

"எனோரா அம்மா, அவ காலு எப்பத்தான் சரியாகும்?"

"என்ன காலு?"

"மண்ணுல வெச்சா புண்ணு வந்துரும்னு டாக்டர் சொன்னாராமே. பாவம், வருஷம் பூரா நின்னுக்கிட்டே இருக்கா."

சொலேன் மகள் காலிலிருந்த வெள்ளை ஷூவைப் பார்த்தாள். அம்மா திட்டுவாள் என்று சொல்லியிருந்தால் பிள்ளைக்கு எவ்வளவோ சுலபம். அம்மாவை விட்டுக்கொடுக்க மனசில்லாமல், இல்லாத வியாதியைத் தன் காலில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். மூக்கைப் பொத்திய அந்தப் பெண்கள்கூடத் தன்னை வருஷம் முழுக்க இப்படி நிற்க வைத்ததில்லை என்று நினைத்தபோது அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சரியாயிடுச்சும்மா. இன்னிக்குத்தான் டாக்டர் சொன்னாரு," என்றாள் ஜெனெபாவிடம்.

எனோராவைக் கூப்பிட்டு ஷூவைக் கழற்றித் தரச் சொன்னாள். எனோரா கம்பி வழியே நீட்டிவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "வீட்டுக்குப் போனப்புறம் திட்டுவியா?"

மாட்டேன் என்றாள் சொலேன். எனோரா தாரின் விளிம்பு வரை போனாள். ஒரு காலைத் தூக்கினாள். திரும்பி அம்மாவைப் பார்த்தாள். சொலேன் சிரித்துக் காட்டினாள், தலையை ஆட்டினாள். அப்போதும் எனோரா அவள் முகத்தையே பார்த்தபடி, சுடுகிற தாரில் கால் மாற்றி மாற்றி நின்றாள். தான் அங்கே இருக்கும்வரை பிள்ளை இறங்க மாட்டாள் என்று சொலேனுக்குப் புரிந்தது. ஷூவைக் கையில் பிடித்தபடி கதவை விட்டு விலகி, உள்ளேயிருந்து தெரியாதபடி சுவரோரம் போய் நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் யாரோ தொப்பென்று குதித்தார்கள். எனோராவின் சிரிப்பு கேட்டது. எட்டிப் பார்க்க சொலேனுக்குத் துணிவில்லை.