மழை பெய்தது எனக்குத் தெரியும்

சொற்போர் மேடையில் எந்தக் கட்சிக்குப் பேசுவது என்பதைப் பேச்சாளன் தீர்மானிப்பதில்லை. மடித்துப் போட்ட சீட்டு தீர்மானிக்கிறது. கல்லூரியின் கடைசி ஆண்டில் அருப்புக்கோட்டையில் நடந்த ஒரு போட்டியில், மனிதன் தன்னை அறிவது கூட்டத்திலா தனிமையிலா என்பது தலைப்பு. நான் எடுத்த சீட்டில் ‘தனிமை’ என்று எழுதியிருந்தது. ஏழு நிமிடம் பேசினேன். வீட்டையும் உறவையும் விட்டு ஒருமுறையேனும் தனியே நடந்து போகாதவன், பிறர் தனக்கு இட்ட பெயரையே தன் முகமென்று நம்பிச் சாவான் என்று முடித்தபோது, முன்வரிசையில் இருந்த நடுவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். முதற்பரிசு எனக்குத்தான். அதில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் இல்லை.

மற்றச் சீட்டு வந்திருந்தால் கூட்டத்துக்காகவும் அதே ஏழு நிமிடம் பேசி, அதே பரிசை வாங்கியிருப்பேன். ஆனால் வந்தது இந்தச் சீட்டு. நாளடைவில் அது சீட்டு என்பது மறந்து, என் கொள்கை என்று ஆகிவிட்டது. சொந்தக் குரலைத் தானே விரும்பிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நேரும் பிழை இது. பிறரை நம்பவைக்கப் பழகிய வாய், ஒருநாள் தன்னையும் நம்பவைத்துவிடுகிறது.

எங்கள் ஊர் திருச்சுழிக்கு நான்கு கல் தள்ளி இருக்கிறது. அம்மா இறந்தபின் வீட்டில் மூன்று பேர்: அப்பா, அக்கா, நான். மூன்று ஏக்கர் கரிசல், கிணறு கிடையாது. மழை பெய்தால் விதைப்பு, பெய்யாவிட்டால் இல்லை. நான் பட்டம் முடிப்பதற்கு முந்தைய ஆண்டு அப்பா வண்டியிலிருந்து விழுந்து வலது தோள்பட்டையை உடைத்துக்கொண்டார். எலும்பு கூடியது, ஆனால் கை தோளுக்கு மேல் எழவில்லை, வீசவும் வரவில்லை. அதனால் விதையை இடுப்பில் கட்டிக்கொண்டு, டிராக்டருக்கு முன்னால் நடந்து, ஒரே சீராக வீசித் தெளிக்கும் வேலை என்னுடையதாயிற்று. அதில் எனக்கு வருத்தம் இருந்தது. பட்டம் முடித்து ஓராண்டு தாண்டியும் வேலை கிடைக்கவில்லை. மேடையில் அவையோரே என்று விளித்த வாயோடு, காலையில் ரேசன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். பட்டம் முடித்தவள்தான். தினமும் பஸ்ஸில் அருப்புக்கோட்டை போய்த் தட்டச்சு படித்தாள். கீழ்நிலைத் தேர்வை முடித்துவிட்டாள். மேல்நிலைத் தேர்வு ஆவணிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. அதில் தேறினால் தட்டச்சர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். அந்த வேலை கிடைக்கும்வரை தன் கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது என்று அப்பாவிடம் அவள் தவணை கேட்டிருந்தாள். அப்பாவும் ஒப்புக்கொண்டிருந்தார்.

அந்த வாரத்தின் புதன்கிழமை விடியற்காலையில் நான் வீட்டைவிட்டுப் புறப்பட்டேன். நான்கு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதி, அரிசிப் பானையின் மூடிமேல் வைத்தேன். நல்ல கடிதம், மூன்று முறை திருத்தி எழுதியது. கமுதி, சாயல்குடி வழியாகக் கடல்வரை நடந்து போவது என்பது திட்டம். கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டேன். விதைப்பு வழக்கமாகப் புரட்டாசியில்தான், அதற்குள் திரும்பிவிடலாம் என்று எண்ணினேன். அதுவரை என்மேல் குற்றமில்லை என்று வாதிட எனக்குச் சான்று உண்டு.

முதல் நாள் முழுக்க நடந்தேன். சாலையின் இருபுறமும் சீமைக்கருவேலம், இடையிடையே பனை. மௌனமாக நடப்பதாகத்தான் உறுதி எடுத்திருந்தேன். ஆனால் பத்துக் கல் தாண்டியதும் வாய் தானாக அசையத் தொடங்கியது. ‘நான் நடந்தேன்; சாலை நீண்டது’ என்று தொடங்கும் ஒரு பேச்சை, இன்னும் நடந்து முடியாத பயணத்தைப் பற்றி, யாருக்கோ ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே சைக்கிளில் வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார்.

வியாழக்கிழமை நடுப்பகலுக்குப் பிறகு, கமுதியைத் தாண்டி நடக்கையில் மழை பிடித்தது. சாலையோரத்தில் விறகை மண்மூடிச் சுட்டுக் கரிமூட்டம் போடுகிற ஒரு தம்பதியின் தார்ப்பாய்ப் பந்தல் இருந்தது. ஓடிப்போய் ஒதுங்கினேன். கணவர் மூட்டத்தின்மேல் மண் கரைந்துவிடாமல் தகரத்தை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மனைவிக்கு ஐம்பது வயது இருக்கும். ஒரு வாளியைக் கவிழ்த்து என்னை உட்காரச் சொன்னார்.

“எங்கிட்டுத் தம்பி போறீக? அப்பயே புடிச்சுப் பாக்கேன், நடந்தேல்ல வாரீக. பஸ்ஸுக்குக் காசு இல்லையாக்கும்?”

“இருக்குக்கா. சும்மா நடக்கேன். கொஞ்ச நாள் தனியா இருக்கணும்னு தோணுச்சு.”

“தனியா இருக்க இம்புட்டுத் தூரமா?” என்று அவர் கணவரைப் பார்த்துச் சிரித்தார். “ஏங்க, கேட்டீகளா? இவுகளுக்குத் தனியா இருக்கணுமாம். மூட்டத்துக்குக் காவல் வச்சிட்டு நாம ஊருக்குப் போயிருவமா? பத்து நாளைக்கு ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்காது.”

“கரிய அள்ளிட்டு ஓடிட்டாருன்னா?” என்றார் கணவர்.

“ஓடுறதுக்குக் காலு வேணும்ல. செருப்பப் பாருங்க, வாரு அந்துபோய்க் கெடக்கு.”

மூவரும் சிரித்தோம். மழை வலுத்தது. மண் வாசனையும் புகை வாசனையும் கலந்து வந்தன. அந்த மழையை நான் எனக்கென்று அனுப்பப்பட்ட ஒன்றாக எடுத்துக்கொண்டேன். பந்தலின் ஓரத்தில் நின்று இரண்டு கைகளையும் வெளியே நீட்டினேன். பேச்சின் நடுப்பகுதிக்கு நல்ல காட்சி கிடைத்துவிட்டது என்று மனம் குறித்துக்கொண்டது.

“இங்கிட்டு மட்டுமில்ல,” என்றார் அந்த அம்மாள். “இப்பப் போன பஸ்ஸுக்காரரு சொன்னாரு, திருச்சுழி பக்கம் நேத்து ராவே ஊத்திருச்சாம். முந்திக்கிருச்சு இந்த வருசம். வெதப்பு மழைதான்.”

நீட்டிய கைகளை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

கைப்பேசியை எடுத்து உயிர்ப்பித்தேன். அக்காவின் செய்தி மேலே வந்து நின்றது. திறக்காமலே முழுவதும் படிக்க முடிந்தது: ‘மழை பேஞ்சிருச்சு. சனிக்கிழமை காலைல நம்ம முறை, டிராக்டரு வருது. அன்னைக்குத்தான் எனக்குப் பரீட்சை. அப்பாவால முடியாது. வந்துருடா.’

கரிசலில் ஈரம் அதிக நாள் தங்காது. மழை பெய்த நான்காம் நாளுக்குள் விதை விழுந்தாக வேண்டும். ஊர் முழுக்க அதே நாட்களில் விதைக்கிறபோது கூலிக்கும் ஆள் கிடைக்காது. முறையை விட்டால் டிராக்டர் திரும்ப வர ஒரு வாரம் ஆகும். இவற்றில் எதையும் யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கிருந்து கமுதிக்கு நடந்தால் ஒரு மணி நேரம். கமுதியிலிருந்து பஸ் உண்டு. அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டில் இருந்திருக்கலாம்.

நான் கைப்பேசியை மறுபடியும் அணைத்தேன். பிறகு வாதத்தை அடுக்கினேன். சொந்தக்காரர் யாரையாவது அப்பா கூப்பிட்டுக்கொள்வார் என்பது முதல் வாதம். தேர்வு ஆறு மாதத்தில் மறுபடி வரும், ஆனால் இந்த மனநிலை எனக்கு மறுபடி வராது என்பது இரண்டாவது. பாதி வழியில் திரும்புகிறவன் பிறகு எந்த வழியிலும் இறங்கமாட்டான் என்பது மூன்றாவது. மூன்றாவதற்கு எந்த மேடையிலும் கைதட்டல் கிடைத்திருக்கும். எதிர்க்கட்சிக்கு அங்கே பேச ஆளில்லை. மழை விட்டதும் தெற்கே நடந்தேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி அளவில் கடலைப் பார்த்தேன். அந்த நேரத்தில் எங்கள் காட்டில் டிராக்டர் இறங்கியிருக்கும் என்பதைத் தவிர வேறெதையும் என்னால் நினைக்க முடியவில்லை. கண்ணை மூடி நின்றேன். “தம்பி, வலைய மிதிக்காதீக,” என்று பின்னாலிருந்து ஒருவர் சத்தம் போட்டார். நகர்ந்து நின்றேன். மறுபடியும் கண்ணை மூடினேன். உள்ளே யாரும் புதிதாகத் தென்படவில்லை. கேட்க ஆள் இல்லாத இடத்தில் பேச்சை நிறுத்தத் தெரியாத ஒருவன்தான் அங்கேயும் நின்றிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை பஸ்ஸில் வீடு திரும்பினேன். அப்பா வாசலில் உட்கார்ந்து இடது கையால் வலது தோளைத் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“வந்துட்டியாய்யா. சாப்டியா? மழை பேஞ்சது தெரியாமப் போச்சாக்கும்?”

நான் கேட்டு வாங்காத ஒரு விடையை அவரே என் கையில் கொடுத்தார். “அங்கிட்டு மழையே இல்லப்பா,” என்றேன்.

“அதான பாத்தேன்,” என்று அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். “நாஞ் சொன்னேன்ல.”

அக்கா உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டிருந்தாள். “நாலு பக்கம் எழுதியிருந்தியே,” என்றாள், திரும்பாமல். “எங்கயாச்சும் ஒரு எடத்துல எப்ப வருவேன்னு எழுதியிருந்தியாடா? ரெண்டு தடவ தேடிப் பாத்தேன்.” அவ்வளவுதான் சொன்னாள். சனிக்கிழமை அவள் தேர்வுக்குப் போகவில்லை, விதை தெளித்தாள்.

அவள் அதற்குமுன் வீசி விதைத்ததில்லை. பத்தாம் நாள் உளுந்து முளைத்தபோது அது வெளிப்படையாகத் தெரிந்தது. வடக்கு ஓரத்தில் நெருக்கமாகக் கொத்துக்கொத்தாக இருந்தது. நடுவில் சீர்பட்டு, தெற்கே போகப் போக மெலிந்து, கடைசிச் சாலில் திட்டுத்திட்டாகக் கிடந்தது. எந்த இடத்தில் பழகினாள், எந்த இடத்தில் கை ஓய்ந்தது என்று படிக்க முடிந்தது. இரண்டரை மாதம் நான் அந்தக் காட்டில் களை எடுத்தேன். கார்த்திகையில் தட்டச்சர் பணிக்கு அறிவிப்பு வந்தது. அவளிடம் மேல்நிலைச் சான்றிதழ் இல்லை. தையில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து போனார்கள். அப்பாவால் பேச்சைத் தள்ளிப்போட முடியவில்லை. எப்படியோ அது அமையாமல் போயிற்று. அதற்காக எங்கள் வீட்டில் மகிழ்ந்தவர்கள் இரண்டு பேர், அக்காவும் நானும்.

மாசியில் தேர்வு மறுபடி வந்தது. அருப்புக்கோட்டையில் பாளையம்பட்டி போகும் வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் மையம். நான்தான் வண்டியில் கூட்டிப் போனேன். தட்டச்சு நிலையத்தார் எந்திரங்களை லோடு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். அழைக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. ஆறு மாதமாக நெஞ்சில் வைத்திருந்ததை அங்கே, வேப்பமரத்தடியில், சொல்லிவிட்டேன். “அக்கா, அன்னைக்கு மழை பேஞ்சது எனக்குத் தெரியும். உன் மெசேஜப் பாத்தேன்.”

அவள் விரல்களை நெட்டி முறித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

“தெரியும்டா.”

“எப்படி?”

“வியாழக்கிழமை நாலு மணிக்கு ரெண்டு டிக்கு விழுந்துச்சு. போனு ஆஃப்ல கெடந்தா விழுகுமா? நீ படிச்சிருப்ப. சரி, வந்துருவான்னு வெள்ளிக்கிழம முழுக்க ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எட்டி எட்டிப் பாத்தேன். கடைசி பஸ்ஸு போன பெறவு ஹால் டிக்கெட்ட எடுத்து உள்ள வச்சேன்.” பிறகு என்னைப் பார்த்தாள். “ஆறு மாசம் சொல்லாதவன், இப்ப எதுக்குச் சொல்ற? உள்ள போகப்போற நேரத்துல. ஒனக்குப் பாரம் எறங்கணும், அதான?”

வருத்தம் தெரிவிப்பதற்கும் நான் எனக்கு வசதியான நேரத்தையே தேர்ந்தெடுத்திருந்தேன். உள்ளே பெயர் கூப்பிட்டார்கள். அவள் போய்விட்டாள். சற்று நேரத்தில் ஐம்பது எந்திரங்கள் ஒன்றாக இரையத் தொடங்கின. அந்த இரைச்சலில் அவளுடைய எந்திரம் எது என்று மதில் ஓரமாக நின்று காதால் தேடினேன், பிரிக்க முடியவில்லை.

வெளியே வந்ததும், “ஒரு வரி விட்டுட்டேன்னு நெனைக்கேன்,” என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “ஒண்ணும் பேசாத. வண்டிய எடு.” திருச்சுழி சாலைக்கு வந்தபிறகு பின்னாலிருந்து சொன்னாள்: “அப்பாட்ட சொல்லிறாத.”

“சொல்லத்தான் நெனச்சேன்.”

“நெனப்ப. அவுக ஊரெல்லாம் எம் மகனுக்குத் தெரியாதுன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறாக. சொல்லிச் சொல்லித்தான் மனசத் தேத்தி வச்சிருக்காக. அதையும் புடுங்கிட்டு என்னடா செய்யப்போற?”

அந்தத் தேர்வில் அவள் தேறினாள். விட்ட வரியோடு, குறைந்த மதிப்பெண்ணில். அடுத்த பணி அறிவிப்புக்காக இன்னும் காத்திருக்கிறாள்.

சென்ற மாதம் அப்பாவோடு திருச்சுழியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் காட்டுக்காரர் வந்து சேர்ந்தார். பேச்சு மழையில் தொடங்கி, அந்த ஆண்டு முந்திக்கொண்டு வந்த மழைக்குப் போயிற்று.

“அன்னைக்கு ஒம் மவன் இல்லாமப் போனான், பொம்பளப் பிள்ளையப் போட்டு வாட்டிட்டியே,” என்றார் அவர்.

“அவனுக்குத் தெரியாதுல்லப்பா,” என்றார் அப்பா. “கமுதிப் பக்கம் இருந்துருக்கான். அங்கிட்டு மழையே இல்ல.”

“கமுதியிலயா? நல்ல மழைன்னு எம் மருமகன் சொன்னானே.”

அப்பா கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தார். மேடையேறிப் பழகாத மனிதர். நாலு பேர் முன்னால் குரல் உயர்த்தாதவர். “கமுதின்னா கமுதி ஒண்ணுதானா? இவன் நடந்துல்ல போனான். மழை விழுகும்போது அதத் தாண்டிக் கடலுப் பக்கம் எறங்கியிருப்பான். போனும் ஆஃப்ல கெடந்துச்சு. தெரிஞ்சிருந்தா வராம இருந்துருப்பானா? எம் புள்ளைய எனக்குத் தெரியாதா?”

பக்கத்துக் காட்டுக்காரர் தலையை ஆட்டிக்கொண்டார். “அதுஞ் சரிதான்,” என்றார். அப்பா என் பக்கம் திரும்பினார். இடது கையை என் முழங்காலில் வைத்து, “அப்படித்தானய்யா?” என்று கேட்டார்.

“ஆமாப்பா,” என்றேன்.