புறங்கைச் சூடு

வெளியறையில் கரகரவென்று ஏதோ சுழலும் சத்தம் கேட்டு, தங்கமாரி அடுப்பைத் தணித்துவிட்டு எட்டிப் பார்த்தாள். லாரியின் முன்சக்கரத்திலிருந்து கழற்றிய பேரிங்கை, மெக்கானிக் வீரபாண்டி அவள் கணவர் செல்லப்பாண்டியிடம் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான்.

"பேரிங்கு மட்டுமில்லண்ணே, அது உக்காருற ஹப்பும் தேஞ்சு போச்சு. புதுப் பேரிங்கு போட்டாலும் ஆடும். ஹப்பையே மாத்தணும்."

"பஞ்ச் உளியால ஹப்புக்குள்ள நாலு புள்ளி குத்தி, பேரிங்க இறுக்கிவிடுலே. நாளைக்குத் தூத்துக்குடி லோடு இருக்கு. நான் அப்படி ஓட்டலையா?"

தங்கமாரிக்குக் கல்யாணமான புதுசு நினைவுக்கு வந்தது. இதே லாரியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து உப்பு லோடுக்குப் போயிருக்கிறாள். வழியில் எந்த டீக்கடையில் நிறுத்தினாலும், டீ சொல்லும் முன்பே அவர் இறங்கி ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைத்து, பேரிங் சூடேறியிருக்கிறதா என்று பார்ப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதைப் போல. இந்த மனிதரை நம்பி வாழலாம் என்று அன்றுதான் அவள் மனம் சொன்னது.

"நீங்க தொட்டுத் தொட்டுப் பாத்து ஓட்டினீக. இப்ப ஓட்டுறது நம்ம மாப்ள. அவுகளுக்கு இந்த ஒட்டுவேல தெரியாது. வழியில சக்கரம் கழண்டா நம்ம மக சத்யபிரியாவுக்கு நீங்களா பதில் சொல்லுவீக?" என்றாள் தங்கமாரி.

செல்லப்பாண்டி பேரிங்கை வாங்கி ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வீரபாண்டியிடம் திருப்பிக் கொடுத்தார்.

"லோட வேற வண்டிக்குச் சொல்லிருதேன். ஹப்ப மாத்திரு. பழச எடைக்குப் போட்டுறாத, வீட்டுக்குக் கொண்டா."

"எதுக்குண்ணே, மதினிக்கு இஞ்சி இடிக்க உரலாவா?"

"கிடக்கட்டும்லே. இருபத்தஞ்சு வருசம் நம்மளச் சுமந்திருக்கு."

வீரபாண்டி சிரித்தபடி பேரிங்கைத் துணியில் சுற்றிக்கொண்டு, "வாரேன் மதினி" என்று கிளம்பினான். அவன் தெருமுனை திரும்பியதும் தங்கமாரி கதவைச் சாத்திவிட்டு, செல்லப்பாண்டியின் புறங்கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.