எஸ்தர் நிறுத்திய சிவப்பு வரைபடம்

கழக்கூட்டத்தில் பேருந்துக்காக நின்றபோது கைபேசி அடித்தது. "எஸ்தர் போயிட்டா சார், காலையில" என்றார் அவருடைய கணவர். வந்த பேருந்தில் ஏறத் தோன்றவில்லை. ஐம்பது வயதுகூட ஆகவில்லையே!

எஸ்தர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலைக்காரர். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் கணினி மையத்தில் பதினாறு சாதாரணக் கணினிகளைக் கம்பியால் பிணைத்து ஒன்றாக உழைக்க வைத்தவர். வயதில் மூத்தவனானாலும் நான் அவருக்குப் பின் சேர்ந்தவன். நகரத்துத் திருட்டுப் புகார்கள் ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டு, எந்த இடத்தில், எந்த நேரத்தில் திருட்டுகள் அடுத்தடுத்து நடக்கின்றன என்று காவல்துறைக்குக் கண்டுபிடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. ஒற்றைக் கணினிக்கு ஒரு மாதமாகும். "பிள்ளைகளுக்குப் பசிக்கி, டேட்டா போடுங்கண்ணே" என்று என்னை விரட்டுவார். அவருடைய பதினாறு பிள்ளைகளும் இரண்டே நாளில் முடித்தன.

திருட்டு மிகுந்த இடங்களைச் சிவப்பாகக் காட்டும் முதல் வரைபடத்தில் கிழக்கேகோட்டை முழுக்கச் சிவப்பு. காவல்துறை அதிகாரிக்கு ஏக மகிழ்ச்சி. அங்கே ஹோட்டல்களிலும் கடைகளிலும் வேலை பார்க்கும் தமிழ்நாட்டுக்காரர்களை மொத்தமாகப் பிடித்து விசாரிக்கப் போவதாகச் சொன்னார். நானும் பெருமையோடு தலையாட்டினேன்.

எஸ்தர் தலையாட்டவில்லை. மூலப் புகார்களைக் கேட்டு வாங்கி ஒரு பகல் முழுக்கப் புரட்டினார்.

"இது செரியில்ல கேட்டியளா. ஸ்டேஷன்லருந்து எந்தத் திக்குன்னு எழுதுத இடத்துல 'கி.'ன்னு போட்டிருக்காவ. கிழக்கு. நம்ம புரோகிராம் அத கிழக்கேகோட்டைன்னு எடுத்திருக்கு."

புரோகிராமில் அந்த வரியை எழுதியது நான். தினமும் கிழக்கேகோட்டையில் பஸ் மாறுகிறவனுக்கு 'கி.' என்றால் வேறென்ன தோன்றும்?

அதிகாரி நம்பவில்லை. "பதினாறு கம்ப்யூட்டரும் சேர்ந்து தப்பு செய்யுமோ?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"நாம சொல்லிக்கொடுத்த தப்பை, பதினாறும் சேர்ந்து வேகமாச் செய்யும் சார்."

"யார் செய்த தப்பு?"

நான் வரைபடத்தைச் சுருட்டத் தொடங்கினேன். "என் தப்புதான் சார்" என்றார் எஸ்தர்.

திருத்திய வரைபடத்தில் அந்தச் சிவப்பு நகரமெங்கும் சிதறிப்போனது. யாரையும் பிடிக்கவில்லை. எஸ்தரின் பதவி உயர்வுதான் நின்றது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று பிறகு கேட்டேன்.

"உங்களுக்கு வேல இன்னும் நெரந்தரம் ஆகல்லல்லா. சும்மா கெடங்கண்ணே."

வேலை நிரந்தரமான பிறகும் நான் வாய் திறக்கவில்லை. அவரும் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. வெட்கமாக இருக்கிறது.

நேற்று பாறசாலைக் கல்லறைத் தோட்டத்தில், மண் போட்ட கையோடு, நம் மையத்துக்காரர்கள் எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டேன், எஸ்தர். அந்த வரி என்னுடையது. நீங்கள் கேட்க ஒருமுறை சொல்லியிருக்க வேண்டும். போய் வாருங்கள்.