சாவி தொலைந்த மத்தியானம்

மலேசியாவின் சிம்பாங் பூலாயில் சாப்பாட்டுக்கடை நடத்தும் ஹஃபீஸா, டிவி தொடர்கள் பார்த்தே ஸ்பானிஷ் பேசப் பழகியவள். பேசத்தான் ஆள் கிடைக்கவில்லை. ஒருநாள் பிரேசில் தம்பதி ஒன்று சாப்பிட வந்தது. ஹஃபீஸா ஸ்பானிஷில் அமர்க்களமாக வரவேற்றாள். தங்கள் நாட்டில் போர்த்துகீசியம்தான் என்று அவர்கள் சிரிக்க, இவளுக்கு முகம் வாடிவிட்டது.

கிளம்பும்போது அந்தப் பெண் பையைக் கொட்டிக் கவிழ்த்து, "ஷாவி! ஷாவி!" என்று பதறினாள்.

"சாவியா?" ஹஃபீஸா குனிந்து, நாற்காலிக்கடியில் கிடந்த கார் சாவியை எடுத்து நீட்டினாள்.

அந்தப் பெண் அசந்துபோய் மேசையைத் தட்டி "மேஸா" என்றாள். ஜன்னலைக் காட்டி "ஜனெலா" என்றாள். பழைய போர்த்துகீசியக் கப்பல்காரர்கள் தமிழுக்குத் தந்த சொற்கள் இவை என்று அவள் கணவர் கைபேசியில் தேடிக் காட்டினார்.

ஹஃபீஸா அடுப்படியில் இருந்த தன் வீட்டுக்காரரைப் பார்த்துக் கூவினாள்: "மச்சான், ஓடி வாங்க லா! இவங்க பாஷை நமக்கும் கொஞ்சம் தெரியுது!"